விழுந்து எழுந்த தாய்



எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் விசுவாச வாழ்வை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்டு, ஓடுகிறவர் சுமைகளை இறக்கிவிட வேண்டும் என்று புத்தி சொல்கிறது. ஆனால் இடுப்பில் பிள்ளையும், உடலில் நோவும், நெஞ்சில் துக்கமும் சுமக்கும் ஒரு தாய் எதை இறக்கி வைப்பாள்? திருமுகம் இறக்கச் சொல்வது பாவச் சுமையை. அன்பின் சுமையை அல்ல.

கென்யா நாட்டிலே எட்னா கிப்லகாத் என்றொரு நெடுந்தூர ஓட்டவீராங்கனை இருக்கிறார். 1979இல் பிறந்தவர். 2003இல் அவருடைய சகோதரி மார்புப் புற்றுநோயால் இறந்தபோது, தாயை இழந்த இரண்டு பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார். தாமும் பிள்ளைகளைப் பெற்றார். பேறுகாலத்தின் பின் உடல் தேறி மீண்டும் ஓடினார். 42 கிலோமீற்றருக்கும் மேலான மரதன் ஓட்டத்தில் 2010இல் நியூயோர்க்கில் வென்றார். 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகப் போட்டியிலே, தண்ணீர் எடுக்கும் இடத்தில் சக வீராங்கனையோடு மோதுண்டு நிலத்தில் விழுந்தார். எழுந்தார்; ஓடினார்; முதலாவதாக வந்தார். 2013இல் மொஸ்கோவிலும் அவரே உலக வெற்றியாளர். 2017இல், 37 வயதில், பொஸ்டன் ஓட்டத்தையும் வென்றார்.

இதை அவர் தனியே செய்தாரா? இல்லை. கணவர் கில்பேட் கோயெச்சும் ஓட்டவீரரே. அவரே மனைவிக்குப் பயிற்சியாளரானார். சிலுவையைச் சுமந்த நம் ஆண்டவருக்கே ஒரு சீமோனின் தோள் தேவைப்பட்டது அல்லவா?

இது தூரத்துக் கதை என்று எண்ணாதீர்கள். 2009இல் கிளிநொச்சிப் பக்கமிருந்து முள்ளிவாய்க்கால் வரை நம் தாய்மார் ஓடியது பதக்கத்துக்காக அல்ல, பிள்ளைகளின் உயிருக்காக. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் மடு அன்னையின் திருச்சுரூபமும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததே! அந்த ஓட்டத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மற்றப் பிள்ளைக்கு இன்றும் சோறு சமைக்கிறாள். அவளுக்கு மேடையுமில்லை, மாலையுமில்லை.

அதே மண்ணிலிருந்து 2023இல், முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றார். மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கம் வென்றார். வன்னித் தாயின் கால்கள் இன்னும் ஓயவில்லை.

ஆனால் தாய்மாரே, ஓடுவது மட்டும் புண்ணியமல்ல. எலியா இறைவாக்கினர் களைத்துச் சாக விரும்பிச் செடியின் கீழ்ப் படுத்தபோது, இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் இரண்டு முறை கொடுத்தார். அதன் பின்புதான் நாற்பது நாள் பயணம். ஆகவே ஓய்வு சோம்பலல்ல, அழுகை அவிசுவாசமல்ல. மார்பிலே ஒரு கட்டி தட்டுப்பட்டால் 'பிள்ளைகளின் சோதனை முடியட்டும்' என்று மறைத்து வைக்காதீர்கள். சுகவனிதையர் கிளினிக்குக்கு உடனே போங்கள். உங்கள் உடலைப் பேணுவதும் உங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் அன்பே.

தகப்பன்மாரே, பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் ஓடுகிறவள் விழுந்தால் எழுப்பி விடுவது யார்? இன்று மாலை கிணற்றிலிருந்து தண்ணீரை நீங்கள் அள்ளுங்கள். அடுப்படியை நீங்கள் பாருங்கள். செபமாலை சொல்லுமுன் அவளை ஒரு நாழிகை படுக்கச் சொல்லுங்கள். இறந்தவரின் பெயரை அவள் சொல்லி அழுதால், பேச்சை மாற்றாமல் அருகே இருங்கள். கல்வாரியில் அன்னை மரியாளின் அருகே அன்புச் சீடர் நின்றார். பின்பு தம் வீட்டில் அவரை ஏற்றுக்கொண்டார். அதுவே நமக்கு முன்மாதிரி.

மகனைப் புதைத்தும் விசுவாசத்தைப் புதைக்காத வியாகுல அன்னையே, எங்கள் வீட்டுத் தாய்மாருக்கு ஓடப் பலமும், இளைப்பாற இடமும், தாங்கிக்கொள்ளத் தோளும் பெற்றுத் தாரும். ஆமென்.