பிடித்த கை, சுட்ட கை

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீனவர்களுக்கு மணல் ஒரு தொல்லை. முகத்துவாரம் தூர்ந்துபோகிறது, படகு தரைதட்டுகிறது, தூர்வாரச் சொல்லி அவர்கள் அரசிடம் மன்றாட வேண்டியிருக்கிறது. சில கிலோமீட்டர் வடக்கே குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் நிலைமை நேர்மாறு: வலை உலர்த்தவும் படகு இழுத்துவைக்கவும் இருந்த மணல் போய், கரை நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. இங்கே மிகையாகத் தேங்குவதும் அங்கே இல்லாமல் போனதும் ஒரே மணல்தான். இந்தக் கரையோரம் மணல் ஓர் ஆறுபோல ஓடுகிறது. தென்மேற்குப் பருவத்து அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் வடக்கே போக வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இந்தத் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக இரண்டு கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. மணல் தெற்கே நின்றது. புதுச்சேரியின் கடற்கரை கரைந்தது.

இதைப் பேசும்போது நாம் சொல்வது, 'கடல் கொண்டுபோய்விட்டது.' இலக்கணத்தில் எழுவாய் கடல். ஆனால் வினை யாருடையது? தமிழில் வினை என்றால் செயல். செய்தவனைத் தொடர்ந்து வரும் பயனும் அதுவே. சுவர் கட்டியவர்கள் யாருடைய மணலையும் திருட நினைக்கவில்லை. சரக்கு இறங்க வேண்டும், படகுக்குப் புகலிடம் வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். எண்ணத்தில் தீமை இல்லாதபோது செயல் ஒட்டுமா என்பது, ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் சமணரும் பௌத்தரும் மல்லுக்கட்டிய கேள்வி. எண்ணமே வினை என்பது பௌத்தம். அறியாமல் செய்த கொலையும் கொலைதான், அதுவும் உயிரில் ஒட்டும் என்பது சமணம். வேடிக்கை என்னவென்றால், அறியாமையை அவ்வளவு எளிதில் மன்னித்துவிடப் பௌத்தமும் தயாராக இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அறிந்து பிடிப்பவனைவிட அறியாமல் பிடிப்பவனையே அது அதிகம் சுடும் என்று மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொல்கிறார். உவமை அருமை. ஆனால் தேங்காய்த்திட்டில் அது உடைந்துபோகிறது. இங்கே பிடித்த கை வேறு, சுட்ட கை வேறு.

தவிர, அறியாமை என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. அதன்பின் நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் நின்ற இடத்தில் கரை நின்றது, அரிப்பு வடக்கே நகர்ந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவு போட்டார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, பொம்மையார்பாளையத்தை நோக்கிப் போனது. ஒவ்வொரு ஊரும் தன் கரையைக் காத்துக்கொள்வதன் வழியாக அடுத்த ஊரிடம் வினையைக் கைமாற்றிவிடுகிறது.

வினை என்று பேசினாலே ஓர் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. வீடு இழந்தவனிடம் 'உன் தலையெழுத்து' என்று சொல்ல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட சொல் அது. ஆனால் அந்தப் பழக்கம் விளைவிலிருந்து பின்னோக்கிப் போய், யாரும் பார்க்காத முற்பிறவியில் காரணம் தேடுகிறது. இங்கே முற்பிறவி வரை போக வேண்டாம். தேங்காய்த்திட்டு வரை போனால் போதும். வேறொரு மறுப்புக்குக் கனம் அதிகம்: கடல்மட்டம் உயர்வதும் புயல் வலுப்பதும் உலகம் முழுதும் சேர்ந்து செய்த வினை, அதைப் புதுச்சேரி ஏன் தனியாகச் சுமக்க வேண்டும்? சுமக்க வேண்டாம்தான். ஆனால் உலகின் பெரிய வினையைக் காட்டி உள்ளூர் வினையை மறைக்கவும் கூடாது. மணலை இழந்த கரைக்குக் கடல்மட்டத்தின் சிறு ஏற்றமும் பெரிய அடி.

அப்படியானால் சுவரை இடித்துவிடலாமா? அந்தச் சுவரை நம்பித்தான் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமே இருக்கிறது. ஒரு குப்பத்துக்கு நீதி என்று இன்னொரு குப்பத்தின் வாயில் மண் போடுவது பரிகாரம் ஆகாது. செய்ததை அழிக்க முடியாத இடத்தில் வினைக்கு மிஞ்சுவது கடன்; கடனைத் தவணையில் அடைக்கலாம். 2018இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பாலான ஆப்பு வடிவ அமைப்பு ஒன்றை இறக்கியது. முகத்துவாரத்தில் வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. நகரின் நடுவே மணல் திரும்பியது, மக்கள் மறுபடி கால் நனைத்தார்கள். நல்லதுதான். முதல் தவணை சுற்றுலாப் பயணிகள் உலாவும் இடத்துக்குப் போனது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழையைப் புதுச்சேரியில் கொட்டியது. அந்தத் தண்ணீரைக் கடலோரச் சுவர் எதுவும் தடுத்திருக்காது. அது நிலத்தின் பக்கமிருந்து வந்து, வடிய வழி கேட்டது. சங்கராபரணியின் கிளையான அரியாங்குப்பம் ஆற்றுக்கு வழி இந்த முகத்துவாரம்தான். ஆக, இங்கே அள்ளும் மணல் படகுக்கும் வழி, வெள்ளத்துக்கும் வழி, வடக்கே கரைக்கும் உடல். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் அத்தனை தூரம் வந்து தீர்த்தவாரி காண்பது வைத்திக்குப்பத்தில். பாவம் தொலையக் கடலாட வருபவர்கள் அங்கே கருங்கல்லைத் தாண்டி இறங்க வேண்டியிருக்கிறது. முகத்துவாரத்தில் தூர்வாரும் ஒவ்வொரு முறையும், அள்ளிய மணலை எங்கே கொட்டினார்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.