காலந் தவறிய உயிரும் நீதியும்

மரணம் யாவர்க்கும் பொதுவாயது. அந்நியதியினின்றும் ஒருவன் தற்செயலாய்த் தப்புவனாயின், அவனை மீட்டும் பற்றிக் கொண்டுபோதல் நீதியா, விட்டுவிடுதல் நீதியா? இவ்வினாவை மைக்கேல் பவல், எமரிக் பிரெஸ்பேகர் என்னும் இருவர் 1946 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஆக்கி வெளியிட்ட திரைப்படமொன்று எழுப்புகின்றது. ‘சாவோ வாழ்வோ என்னும் காரியம்’ எனப் பொருள்படும் பெயருடையது அது.

கதை 1945 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி இரவு தொடங்குகின்றது. பீற்றர் காட்டர் என்னும் ஆங்கில விமானி, தீப்பற்றிய விமானத்தினின்றும் பாரசூட் இன்றிக் குதிக்கின்றான். அவனுடைய இறுதி மொழிகளை வானொலிக் கருவிமூலங் கேட்டவள் யூன் என்னும் அமெரிக்கப் பெண். அவனுயிரைக் கொண்டுபோக வந்த தூதன் மூடுபனியிலே அவனைக் காணாது தவறவிடுகின்றான். உயிரோடு கரைசேர்ந்த பீற்றர் யூனைக் கண்டு அன்பு பூணுகின்றான். பின்னர்த் தூதன் வந்தழைப்ப, அவன் உடன்படாது மறுமையுலக நீதிமன்றிலே முறையிடுகின்றான். அவ்வுலகம் அவ்விமானியின் மனத்தகத்ததே என்று படம் முதலிலேயே குறிப்பிட்டு விடுகின்றது. ஆயினும் வழக்கிலுள்ள நியாயம் மெய்ந்நியாயமே.

ஈண்டு ஓர் ஆசங்கை நிகழும். அப்போரிலே எண்ணிறந்த இளைஞர் மாண்டனர். பீற்றரின் தோழன் பொப் அவ்விமானத்திலேயே இறந்து மறுமையுலகிற் காத்திருக்கின்றான். அவர்க்கெல்லாங் கிடையாத சலுகை இவனுக்கு மாத்திரம் ஏன்? மகனை இழந்த தாயொருத்தி இங்ஙனம் வினவின், அவளுக்கு விடை கூறாது விடுதல் தகாது.

விடை வருமாறு: பீற்றர் ஒளித்தவனுமல்லன், கைக்கூலி கொடுத்துத் தப்பியவனுமல்லன். பிழை தூதனுடையது. அப்பிழையினாற் கிடைத்த சிறுபொழுதினுள்ளே புதியதொரு கடப்பாடு பிறந்துவிட்டது. யூன் யாதொரு குற்றமுஞ் செய்திலள். பேரேட்டிலுள்ள ஒரு பிழையைத் திருத்துதற்காக அவள் வாழ்வை அழிப்பின், அவ்விழப்பை எந்த ஏட்டிற் பதிவது? மேலும், பிறர் துன்புற்றமையின் இவனுந் துன்புறுக என்பது சமநீதியன்று. அஃது இறந்தார்க்கு யாதொரு பயனுந் தாராது.

மன்று ஏற்றுக்கொண்ட சான்று யாது? பீற்றரின் வாழும் ஆசையன்று. முன்னர் யூனின் கண்ணீர்த்துளி ஒரு ரோசாமலரிலே ஏந்தப்பட்டுச் சான்றாகின்றது. ஈற்றில், அவனுக்கு ஈடாகத் தான் போதற்கு உடன்பட்டு, மறுமைக்குச் செல்லும் படிக்கட்டில் அவள் கால்வைக்கின்றாள். அப்பொழுதே அது நின்றுவிட, அவள் மீளுகின்றாள். தனக்கென வாழ்வு வேண்டுதல் எவ்வுயிர்க்கும் இயல்பு. பிறர்பொருட்டுத் தன்னுயிரை ஈதலோ அன்பு ஒன்றற்கே இயல்வது.

எனினும், பீற்றருக்கு மரணம் நீக்கப்பட்டிலது, தவணையே நீட்டப்பட்டது. விதி அழிந்திலது, தன் பிழையைத் தானே பொறுத்துக்கொண்டது. நாடோறும் ஏடும் பிரம்பும் கையிற் கொண்டு சிறுவர்க்கு நீதி வழங்கும் ஆசிரியர்கள் இதனைச் சிந்திப்பார்களாக. விதியை நடத்துவோன் தன் தவற்றின் பயனை அதற்கு உட்பட்டோன் தலைமேற் சுமத்துவானாயின், ஏடு திருந்தும், நீதி திருந்தாது.