வெப்பம் எங்கே போகும், தம்பி?

கர்நாடகத்துக் கௌதள்ளியில் ராத்திரி பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பியே! 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்' விளையாட்டில் நீ கட்டிய பாதாளக் குடியிருப்பு இன்றும் வெந்து அடங்கிவிட்டது. "எனக்கு ஃபிசிக்ஸே வராது" என்கிறாய். நிமிர்ந்து உட்கார்!

வராதா? தண்ணீரைப் பிரிக்கும் கருவிக்குள் நொடிக்கு 1,000 கிராம் தண்ணீர் போனால் 888 கிராம் ஆக்சிஜன், 112 கிராம் ஹைட்ரஜன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். கனடாவின் க்ளே நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அந்த விளையாட்டு இந்தக் கணக்கை இட்டுக்கட்டவில்லை. நிஜத் தண்ணீரின் எடையிலும் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன்தான். புத்தகத்தில் கண்டு மிரண்டதை விரல்நுனியில் வைத்துக்கொண்டா வராது என்கிறாய்?

இன்னும் ஒரு படி ஏறு. விளையாட்டு எங்கே பொய் சொல்கிறது என்று பிடி! அங்கே ஒரு கட்டத்துக்குள் ஒரே வாயுதான் இருக்கும். ஹைட்ரஜன் கூரைக்கும் கரியமில வாயு தரைக்கும் போய் அடுக்கடுக்காக நிற்கும். நம் வீட்டுக் காற்றிலோ எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆனாலும் காற்றோட்டமற்ற பாழுங்கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்குவதுண்டு. இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்த நம் பெரியவர்கள் அதை அனுபவத்தில் அறிந்தவர்கள்.

அடுத்த பொய், நீராவிச் சுழலி. 125 டிகிரிக்கு மேலான நீராவியை விழுங்கி 95 டிகிரித் தண்ணீராகத் துப்புகிறது. விழுங்கிய வெப்பத்தில் பெரும்பகுதி மின்சாரமாகவும் மாறாது, வெளியிலும் வராது, மாயமாகிவிடும். இயற்கை அந்தச் சலுகையை யாருக்கும் தருவதில்லை. வெப்பத்தை மாயமாக அழிக்க முடியாது, மின்சாரமாக மாறாததை வெளியே கடத்தத்தான் முடியும்.

அப்படிக் கடத்திக் காட்டிய இடம் கோலார் தங்கவயல். அதன் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலிருந்து காற்றைச் செலுத்தினார்கள், அதைக் குளிர்வித்தும் அனுப்பினார்கள். 1902 முதல் அந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தது உங்கள் பக்கத்துக் காவிரி! சிவசமுத்திரத்தில் விழுந்து, மின்சாரமாகி, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடியது. சுரங்கம் 2001-இல் மூடப்படும்வரை அந்த அனலுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும். அந்த வேலைக்கு நுரையீரலையும் உயிரையும் விலையாகக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு 'சேமித்த இடத்திலிருந்து தொடங்கு' என்ற பொத்தான் இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது!

தோல்வியும் வெப்பம் போலத்தான், தம்பி. உள்ளே பூட்டிவைத்தால் உன்னையே வேகவைக்கும். வழிவிட்டால் சுழலியைச் சுழற்றும். ஆகவே இன்று வெந்த குடியிருப்பை அழிக்காதே. ஒரு நோட்டை எடு. வெப்பம் எங்கே பிறந்தது, எதன் வழியாகப் பரவியது, எங்கே வெளியேறியிருக்க வேண்டும்? மூன்றே வரி எழுது. நாளை பள்ளியில் வெப்பவியல் பாடம் நடக்கும்போது அந்த நோட்டோடு முதல் பெஞ்சில் உட்கார். முதல் கேள்வி உன்னுடையதாக இருக்கட்டும்!