துயரைச் சொல்லுதல் குற்றமா?

காலில் முள் தைத்தவன் அதை மறைப்பதில்லை. காய்ச்சல் கண்டவன் வைத்தியரிடம் செல்ல வெட்கப்படுவதில்லை. ஆனால் மனத்தில் நோவு புகுந்தால், அதை வீட்டாருக்கும் தெரியாமல் ஒளித்து வைப்பதே மானம் என்று எண்ணுவோர் பலர். பக்தியுடையோரிடம் இவ்வெண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருப்பதைக் காணலாம். “எம்பெருமான் இருக்க எனக்கு ஏன் இந்தக் கலக்கம்? இதை வெளியே சொன்னால் என் நம்பிக்கை குறைந்ததாகாதா? மருத்துவரிடம் போனால் அவனைக் கைவிட்டதாகாதா?” என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கின்றனர். இக்கேள்வி சிறிதன்று. இதற்கு விடை காணாமல் வாய்மூடியிருந்து உயிரையே இழந்தவர்கள் உண்டு. ஆகவே அடியார்கள் கூடும் திருவிழா நாளில் இதனைச் சிந்திப்பது தகும்.

ஸ்ரீமத் பகவத் கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்பது மனச்சோர்வு. எழுநூறு சுலோகங்கள் கொண்ட ஞான நூல் ஒரு மாவீரனின் மனச்சோர்விலிருந்து தொடங்குகிறது. அங்கங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, தோல் எரிகிறது, வில் நழுவுகிறது, மனம் சுழல்கிறது என்று அர்ஜுனன் அடுக்கிச் சொல்லும் குறிகள், இன்றைய மனநல மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் குறிகளுக்கு வெகுதொலைவில் இல்லை. அர்ஜுனன் கோழையல்லன், பகவானின் உயிர்த்தோழன். அவனுக்கே இது நேர்ந்தது என்றால், துயரம் வருவது பக்திக் குறைவின் அடையாளம் என்று யார் சொல்ல முடியும்?

அப்போது கண்ணன் செய்தது யாது? முதல் அத்தியாயத்தில் அவன் பேசியது, திரண்டு நிற்கும் குருவம்சத்தாரைப் பார் என்ற ஒரே ஒரு வாக்கியம். மற்றபடி அர்ஜுனன் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் இரண்டு சுலோகங்களால் கடிந்துகொண்டான். இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, எழுந்திரு என்றான். அக்கடிதலால் துயரம் தீர்ந்ததா? தீரவில்லை. அர்ஜுனன் மீண்டும் தன் கலக்கத்தைச் சொன்னான். போர் புரியேன் என்று கூறி மௌனமானான். பகவானும் கடிதலோடு நிறுத்திவிடவில்லை. அதன் பின்னரே முகமலர்ந்து உபதேசத்தைத் தொடங்கினான். பதினெட்டாம் அத்தியாயம் வரை பொறுமையோடு பேசினான். முடிவிலும், இவற்றையெல்லாம் நன்கு ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்றே விட்டான். மனம் ஒடிந்தவனை, “தைரியமாக இரு, இதெல்லாம் ஒரு கவலையா?” என்று அதட்டிவிட்டு நகர்ந்துவிடும் உறவினர்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும்.

இன்னுமொன்று. உபதேசம் வேண்டிச் சரணடையும் வேளையில், தன் இயல்பைக் கெடுத்த குற்றம் கார்ப்பண்யம் என்கிறான் அர்ஜுனன். அதே சொல்லைத்தான் ஆசாரியர்கள் சரணாகதியின் அங்கங்களுள் ஒன்றாக வைத்தனர். தன்னால் ஆவதொன்றில்லை, தனக்கு வேறு புகலில்லை என்பதை உணர்ந்து ஒப்புக்கொள்வதே அங்குக் கார்ப்பண்யம். துயருற்றவன் எதைத் தன் குற்றமென்று நாணினானோ, அதுவே அவனைக் கரைசேர்க்கும் படியாயிற்று. இயலாமையைச் சொல்வது வீழ்ச்சியன்று. எழுவதற்கு அதுவே தொடக்கம்.

“ஆயின், அவனிடம் சொன்னால் போதாதா? மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும்?” என்று சிலர் வினவலாம். ஸ்ரீவைஷ்ணவ நெறி எவரையும் தனியே நடக்கச் சொல்லவில்லை. ஆசாரியர் வேண்டும், அடியார் கூட்டம் வேண்டும், எம்பெருமானிடம் எடுத்துரைக்கப் பிராட்டியின் புருஷகாரமும் வேண்டும் என்பது அந்நெறி. இறைவனை அடையவே துணை வேண்டுமென்றால், நோய் நீங்கத் துணை நாடுவது எங்ஙனம் பிழையாகும்?

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி திருக்கோயில் உள்ளது. மனநோயுற்றோரை 48 நாட்கள் அங்குத் தங்கச் செய்து, உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் தீர்த்தம் தெளிப்பது நெடுநாளைய வழக்கம். இன்று அத்தலத்தில் அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு இல்லமும் உண்டு. மனநல மருத்துவரின் கவனிப்பும் மருந்தும் அங்குக் கிடைக்கின்றன. தீர்த்தம் மருந்தைத் தடுக்கவில்லை. மருந்து தீர்த்தத்தைப் பழிக்கவில்லை.

துணையின்றி வெறும் இடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் துயரமான சான்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது தீ மட்டுமன்று; நோயாளியைக் கட்டிவைத்துவிட்டுத் தன் கடமை தீர்ந்தது என்று உலகம் நினைத்த நினைப்புமாகும். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவிலும் பின்னர், மருந்தும் பிரார்த்தனையும் என்னும் பொருளில், ‘தவா-துவா’ என்ற பெயரோடு அரசின் மனநல மருத்துவம் வந்து சேர்ந்தது.

அன்பான இடமே ஓரளவு மருந்தாகும் என்பதை ஆராய்ச்சியும் கண்டிருக்கிறது. தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் உடனிருந்தோரும் ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். நோயாளிகள் தம் குடும்பத்தார் ஒருவரோடு சராசரி ஆறு வாரம் அங்குத் தங்கினர். மருந்து இல்லை, தனிப்பட்ட சடங்கும் இல்லை, கோயிலின் சிறுசிறு பணிகள் மட்டுமே. நோயின் கடுமையைக் காட்டும் அளவெண் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு குறைந்தது. ஆராய்ந்தவர்கள் சிறு தொகையினரே. மருந்தே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அச்சுறுத்தாத இடமும், அருகிலேயே இருக்கும் உறவும் நோயைத் தணிக்கும் என்பதே இதன் பாடம்.

இப்பாடம் அரியூர் நாட்டுக்குப் புதிதன்று. கொல்லிமலையின் மலையாளி மக்களிடையே ஒரு பழங்கதை பல வடிவங்களில் வழங்குகிறது. காஞ்சியிலிருந்து தம் தெய்வமான கரிராமரைப் பின்பற்றி அண்ணன் தம்பியர் மூவர் புறப்பட்டு, வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து சென்று குடியேறினராம். உறவைப் பிரிந்து வந்தவர்கள் என்பதாலோ என்னவோ, அவர்கள் வாழ்வை நாடு, ஊர் என்று ஒருவரையொருவர் தாங்கும் கட்டாக அமைத்துக்கொண்டனர். சாமை விதைப்பானாலும் சாவு வீடானாலும் ஊர் கூடும். வழக்கென்றால் ஊர்க்கவுண்டர் முன் அமர்ந்து பேசும் மரபு உண்டு. ஆனால் நிலத்தகராற்றை ஊர்முன் சொல்லத் துணிந்த நாவு, உறக்கமின்மையையும் உயிர்வெறுப்பையும் சொல்லத் தயங்குகிறது. சொன்னாலும் “காற்று, கருப்பு” என்று பேச்சு முடிந்துவிடுவதுண்டு. மருத்துவரைக் காண 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டியிருப்பதும் தயக்கத்தைப் பெருக்குகிறது.

அத்தொலைவு இன்று ஓரளவு குறைந்திருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை நடைபெறுகிறது. 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அதற்கு முன்பே, 1986ஆம் ஆண்டில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘ஸ்நேகா’ அமைப்பைத் தொடங்கினார். உயிரை வெறுத்து வருவோரின் சொற்களைக் குறுக்கிடாமல் கேட்பதையே அங்குள்ள தொண்டர்கள் பணியாகக் கொண்டுள்ளனர். கேட்பதும் ஒரு கைங்கரியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அக்கைங்கரியத்திற்குச் சில நியமங்கள் உண்டு. சொல்பவரை இடையில் நிறுத்தலாகாது. “எனக்கு வந்ததை விடவா?” என்று தன் துன்பத்தோடு ஒப்பிடலாகாது. கேட்டதை நான்கு பேரிடம் பரப்பலாகாது; மருமகள் மாமியாரிடமும், மகன் தந்தையிடமும் மனம் திறக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இவ்வச்சமே காரணம். உறக்கமும் உணவும் வேலையில் நாட்டமும் இரண்டு வாரத்திற்கு மேலாகக் குன்றியிருந்தால், அது வெறும் வருத்தம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். வாழ விருப்பமில்லை என்று ஒருவர் குறிப்பாகச் சொன்னாலும், “இறந்துவிட நினைக்கிறாயா?” என்று அன்போடு நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. மறைத்து வைத்திருந்த பாரத்தை இறக்க அதுவே வாயில் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. அத்தகையவரை அப்போது தனியே விட்டு நீங்கலாகாது.

திருவிழாவில் வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரில், எவர் எந்தப் பாரத்தோடு நிற்கிறார் என்பது சந்நிதியில் உள்ளவனுக்கே தெரியும். ஆனால் வீடு திரும்பியபின், அடுப்படியிலும் திண்ணையிலும் அப்பாரத்தைச் சொல்ல ஒரு செவி வேண்டும். வாய்விட்டுச் சொல்பவர் எம்பெருமானை மறந்தவரல்லர். “சொல், கேட்கிறேன்” என்று அருகில் வந்து அமர்பவர், தேர்த்தட்டில் அன்று அவன் செய்த காரியத்தையே தம் அளவில் செய்கின்றார்.