காதுக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு?

"எந்த இயர்பட்ஸ் வாங்கலாம்?" என்று கேட்காத ஆள் இல்லை. "எவ்வளவு விலையில் வாங்கினால் எனக்குப் போதும்?" என்று கேட்டவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். முதல் கேள்விக்குப் பதில் சொல்லக் கடைக்காரர் இருக்கிறார், விளம்பரம் இருக்கிறது, பக்கத்து சீட்டு நண்பர் இருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு உங்களைத் தவிர பதில் சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் அது கேட்கப்படுவதே இல்லை.

499 ரூபாய்க்கும் கிடைக்கிறது. 24,900 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஏறத்தாழ ஐம்பது மடங்கு. ஐம்பது மடங்கு கொடுத்தால் பாட்டு ஐம்பது மடங்கு நன்றாகக் கேட்குமா? "அதெப்படிங்க கேட்கும், ஆனா விலை கூடக் கூடக் கொஞ்சமாவது கூடுமில்ல?" என்பீர்கள். இந்த 'கூடுமில்ல' என்பதை அளந்தே பார்த்துவிட்டார்கள். யெரூன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவுகளை எடுத்து அவற்றின் கடை விலையோடு ஒப்பிட்டார். 2017-இல் வெளியான அவரது கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது: இரண்டுக்கும் தொடர்பில்லை. விலை கூடினால் வேறு சில கூடலாம்: மைக், பொருத்தம், உழைப்பு, இரைச்சலைத் தடுக்கும் திறன். ஒலியின் தரம் விலைப்பட்டியலைப் பார்த்து உயர்வதில்லை.

நம்ப மனம் வரவில்லையா? நல்லது, நம்ப வேண்டாம். சோதியுங்கள். கடவுளிடம் ஆதாரம் கேட்கத் துணிந்த பகுத்தறிவாளரான நீங்கள் காதில் மாட்டும் பிளாஸ்டிக்கிடம் கேட்கக் கூச்சப்படலாமா?

1963-இல் இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் ஒரு லட்ச ரூபாய்ச் சவால் விட்டார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணை எந்தச் சாமியாராவது படித்துக் காட்டட்டும் என்பது அதில் ஒன்று. 1978-இல் அவர் இறக்கும்வரை பணத்தை வாங்கிக்கொண்டு போக ஒருவராலும் முடியவில்லை. அதே பாணிச் சவாலை 2007-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ராண்டி ஒலிப்பிரியர்கள் பக்கம் திருப்பினார். 7,000 டாலருக்கு மேல் விற்ற ஸ்பீக்கர் கேபிள் ஒன்று இருந்தது. அதன் ஒலியையும் சாதாரணக் கேபிளின் ஒலியையும், எது எதுவென்று தெரியாமல் கேட்டு, பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் என்றார். ஏற்றுக்கொள்ள ஒரு விமர்சகர் முன்வந்தார். கேபிளை விற்றவர்கள்தான் பின்வாங்கினார்கள். சோதனை நடக்கவே இல்லை.

நடந்த சோதனையும் உண்டு. மேயர், மோரன் என்ற இருவர் உயர்தர ஒலிப்பதிவையும், அதையே சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கவிட்டார்கள். கேட்டவர்களில் ஒலித் தொழிலில் இருந்தவர்களும் உண்டு. 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது ஏறத்தாழ பாதி முறை. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் அதே கணக்குதான் வந்திருக்கும். இதுவும் 2007-இல் வந்த ஆய்வுதான். 'ஹை-ரெஸ்' என்ற தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் அதற்குப் பிறகுதான் கடைகளில் குவிந்தன. அந்த ஸ்டிக்கருக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் என்ன வேறுபாடு? கயிறாவது பத்து ரூபாயோடு போகிறது.

"என் காது பழகிய காது, எனக்கு வித்தியாசம் தெரியும்" என்று சொல்பவருக்கு ஒரு செய்தி. காதால் சம்பாதிப்பவர்கள் எதை மாட்டுகிறார்கள்? சோனி எம்டிஆர்-7506 என்றொரு ஹெட்போன். 1991-இல் வந்தது. சுருள் வயர், பார்க்க அழகு என்று சொல்ல எதுவுமில்லை. அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 100 டாலர். இன்றைக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அது தொங்குகிறது. காதுமெத்தை பிய்ந்தால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். ஒலியையே தொழிலாகக் கொண்டவருக்கு அது போதுமென்றால், கல்யாணி பிரியாணிக் கடை வாசலில் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு ரீல்ஸ் பார்க்கும் நமக்கு எது போதும்?

அப்படியானால் மிச்சப் பணம் எதற்குப் போகிறது? கண்ணுக்குப் போகிறது. அதுவும் உங்கள் கண்ணுக்கு அல்ல, அடுத்தவர் கண்ணுக்கு. காதுக்குள் போகும் பொருளுக்கு, காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் காம்புதானே முகவரி? அலுவலக லிஃப்டில் நான்கு பேர் பார்க்கிறார்கள். பார்த்து என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்வதில்லை. அவரவர் தளம் வந்ததும் இறங்கிவிடுகிறார்கள். அந்த நான்கு விநாடிப் பார்வைக்குத்தான் மாதத் தவணை.

மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். 26 நாள் வேலை என்றால் நாளுக்கு ஏறத்தாழ 700 ரூபாய். 24,900 ரூபாய் என்பது அவருடைய 36 நாள் உழைப்பு. சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பஸ் ஏறாமல் 36 நாள். இப்படிக் கணக்குப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். அதனால்தான் விலையை நாள்கணக்கில் சொல்லாமல் மாதத் தவணையில் சொல்கிறார். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்கிறார். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி, செயலாக்கக் கட்டணம் தனி. முழுப் பணமும் கொடுத்து வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போச்சு. ராகுகாலம் பார்த்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். பத்திரத்தையே படிக்காமல் கட்டைவிரலால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுபவரை என்ன செய்வது?

விலை குறைந்த பக்கத்திலும் ஏமாற்று உண்டு. ஒரு பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் எம்ஆர்பி 4,990. முன்னால் ஒட்டியிருப்பது 999. '80 விழுக்காடு தள்ளுபடி!' யாருக்கு? எம்ஆர்பி என்பது உச்சவரம்பு. அந்த விலைக்கு என்றைக்காவது யாராவது வாங்கியிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 4,000 ரூபாய் மிச்சம் பிடித்ததாக மகிழ்ந்து 999 ரூபாய் செலவழிக்கிறோம். தேவையில்லாத பொருளை 80 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கினால் வீணாவது 999 ரூபாயும்தான்.

அது செத்த பிறகு? வயரில்லா இயர்பட்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் கடலைப்பருப்பு அளவில் ஒரு லித்தியம் பேட்டரி. இரண்டு மூன்று ஆண்டில் அது தளர்ந்துவிடும். ஐந்து மணி நேரம் ஓடியது ஒரு மணி நேரத்துக்கு வந்து நிற்கும். பேட்டரியை மட்டும் மாற்றலாமே என்றால், பெரும்பாலானவற்றைத் திறக்கவே முடியாது, பசை போட்டு மூடியிருக்கிறார்கள். 2016-இல் ஏர்பாட்ஸ் வந்தபோது ஐஃபிக்ஸிட் நிறுவனத்தார் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பழுதுபார்க்கும் எளிமைக்குப் பத்துக்குப் பூஜ்யம் போட்டார்கள். செய்ய முடியாத காரியமா இது? நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2024-இல் பேட்டரி மாற்றக்கூடிய இயர்பட்ஸைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது. 2027 பிப்ரவரி முதல் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனாளர் தானே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. முடியும். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலும் கோபால்ட் உண்டு. உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு வெகு மேலே காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகள் வேலை செய்வதை அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் பதிவு செய்தது. உங்கள் காதிலிருப்பதில் அந்தக் குழந்தையின் கை பட்டதா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாதபடி வைத்திருப்பதில் யாருக்கு ஆதாயம்? 'போன ஜென்மத்துப் பாவம்' என்று அந்தக் குழந்தையைக் கைகழுவ நமக்குத் தத்துவம் கிடையாது. ஐந்து ஆண்டு உழைக்கும் ஒன்றை வாங்குபவர், ஆண்டுக்கொன்று மாற்றுபவரைவிட ஐந்தில் ஒரு பங்குதான் தோண்டச் சொல்கிறார். வயர் வைத்த இயர்போனில் பேட்டரியே கிடையாது. அறுநூறு எழுநூறு ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கிறது. 'பழசு' என்பதைத் தவிர அதன் மேல் வேறு என்ன குற்றச்சாட்டு?

"அப்போ காசே செலவழிக்கக் கூடாதுங்கிறீங்களா?" இல்லை. செலவழிக்க நியாயமான இடம் ஒன்று உண்டு, விற்பவரே அதைச் சரியாகச் சொல்வதில்லை.

85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழில்நலத் துறையில் வழங்கும் கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு. 100 என்றால் கால் மணி நேரம். மூன்று பாட்டோடு அன்றைய பங்கு தீர்ந்தது. செல்போனில் ஒலியை முழுக்க ஏற்றினால் பல கருவிகள் 100-ஐத் தொட்டுவிடும். உள்காதில் ஒலியை உணரும் மயிர் உயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் மீண்டும் முளைக்காது. கேட்கும் திறனை இழக்கும் ஆபத்தில் உள்ள இளைஞர்கள் உலகில் 110 கோடிப் பேர் என்று உலக சுகாதார அமைப்பு 2015-இல் எச்சரித்தது.

ஏன் ஒலியை ஏற்றுகிறோம்? பஸ் இரைகிறது, அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ போகிறவர், எஞ்சின் உறுமலை அடக்கும் கருவி வாங்கினால் பாதி ஒலியிலேயே கேட்டுவிடலாம். அந்தச் செலவு காதுக்கான செலவு, அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிகிறது. ரப்பர் முனை காதில் ஒழுங்காகப் பொருந்தினாலே பாதி இரைச்சல் நின்றுவிடும், அதற்குச் செலவு இன்னும் குறைவு. இந்தத் தேவை இல்லையென்றால் என் எல்லை மூன்று நாள் சம்பளம். அதற்கு மேல் போனால் காரணத்தை ஒரு தாளில் எழுதி, நீங்களே உரக்கப் படித்துப் பாருங்கள்.

ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் பஸ் முழுவதற்கும் பாட்டுப் போடுகிறாரே, அந்தப் பெரிய மனிதர், அவர் நூறு ரூபாயாவது செலவழித்துத்தான் தீர வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் ஐம்பது பேர் காதில் குடியிருக்க அவருக்கு உரிமையில்லை. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு தண்டவாளம் கடப்பவருக்கும் ஒரு சொல்: செத்த பிறகு ஊர் அதை விதி என்று சொல்லும். அது விதி இல்லை, வால்யூம்.

இரைச்சலைப் பற்றிப் பேச உண்மையான உரிமை யாருக்கு? பள்ளிபாளையத்திலோ சோமனூரிலோ ஒரு விசைத்தறிக் கொட்டகைக்குள் போய் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சொல் சொல்லக் காதருகே வாய் வைத்துக் கத்த வேண்டும். அதற்குள் ஒரு ஷிப்ட் முழுக்க நிற்கிற அக்காவின் காதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. சிலர் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள், அது போதாது. இரைச்சலால் கேட்கும் திறன் போவதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் நோய்ப் பட்டியலிலேயே வைத்திருந்தது. பத்துப் பேருக்கும் குறைவான கொட்டகை அந்தச் சட்டத்தின் வாசலுக்கே வரவில்லை. நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடி டீக்காசுக்குக் கிடைக்கிற பொருள். அவர் நெய்த துணியைப் போட்டுக்கொண்டு, ஏசி அறையில் கீபோர்டு சத்தம் தாங்கவில்லை என்று நாம் இருபதாயிரத்துக்கு அமைதி வாங்குகிறோம். தறி முதலாளி உங்கள் மாமாவாகவோ மச்சானாகவோ இருக்கலாம். அடுத்த விசேஷத்தில் பார்க்கும்போது, "காதடைப்பான் வாங்கிப் போட்டீங்களா மாமா?" என்று கேட்க முடியுமா? பந்தியில் கேட்டால் கோபப்படுவார். படட்டும்.

உங்கள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு காது இருக்கிறது. அப்பா டிவியை அலற விடுகிறார். அது தாங்காமல் மகன் நாய்ஸ் கேன்சலிங் வாங்குகிறான். அப்பா ஏன் அலற விடுகிறார்? கேட்கவில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறோம். காது கேட்காமல் விடுவது மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று, அதுவும் தவிர்க்கக்கூடியது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2017 முதல் சொல்லி வருகிறது. அவருக்குக் கேட்கும் கருவி வாங்கும் பேச்சை எடுத்தால் மட்டும், "இந்த வயசுல எனக்கெதுக்குப்பா அவ்வளவு செலவு?" என்று அவரே மறுக்கிறார். அந்த மறுப்பு நமக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது! உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு, கேட்கும் திறனை அங்கே அளந்து சொல்வார்கள். குறைபாடு உறுதியானால் கருவியை இலவசமாகப் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழியிருக்கிறது. காலையிலேயே போய் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் லீவு போகும். 36 நாள் உழைப்பைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தவருக்கு ஒரு நாள் பெரிதா?