கட்டுச்சோறும் கடற்கரையும்

பயணம் என்பது வீட்டை விட்டுப் புறப்படுவது. வீட்டையும் உடன் எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர் எங்கே போய்ச் சேருகிறார்? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினா, ஒரு தைத் திங்கள் மழையில் எங்கள்முன் மெய்யாகவே வந்து நின்றது.

அமெரிக்காவில் வாழும் நம்மவர் சிலர் விடுமுறைக்கு ‘ஆர்.வி.’ எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துச் செல்கின்றனர். படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் சக்கரத்தின்மேல் உருண்டு வரும். கொல்கத்தாவாசிகளாகிய நாங்கள் நான்கு குடும்பத்தார், அவ்வண்டி இல்லாமலேயே அதனைச் செய்து காட்டினோம். பொங்கலை அடுத்த விடுமுறையில் சிறு பேருந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு தீகாவுக்குப் புறப்பட்டோம். அடுப்பு, அரிசி, சாம்பார்ப் பொடி, தயிர்ப் பாத்திரம், தலையணை எல்லாம் ஏறின. காப்பி வடிகட்டியும் ஏறியது. 180 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வழியில் எவரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்க நேரவில்லை. அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது.

தீகாவைக் கண்டு மகிழ்ந்த ஆங்கிலேயருள் இருவரை இங்கே நினைக்கலாம். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1780-இல் தம் மனைவிக்கு எழுதிய மடலில் இவ்விடத்தைக் ‘கிழக்கின் பிரைட்டன்’ என்று குறித்தார் என்பர். அவர் கண்டது வங்கக் கடலை. நினைத்ததோ தம் நாட்டுக் கடற்கரையை. கண்ணிலேயே வீட்டைச் சுமந்து வந்தவர் அவர். ஜான் பிராங்க் ஸ்னெய்த் என்பவரோ 1923-இல் இங்கே வந்து தங்கிவிட்டார். நாடு விடுதலை பெற்றபின், முதலமைச்சர் விதான் சந்திர ராயிடம் இக்கடற்கரை வளம்பெற வேண்டுமென வலியுறுத்தியவரும் அவரே. ஒருவர் ஊரைப் பார்த்தார். மற்றவர் ஊரோடு கலந்தார்.

நாங்கள் சென்ற அன்று மாலை, பருவம் தவறிய மழை பிடித்துக்கொண்டது. ஊதற்காற்றில் குழந்தைகள் நடுங்கினர். கடலோரத் தேநீர்க் கடை ஒன்றின் தார்ப்பாயின்கீழ் ஒதுங்கினோம். கடைக்கார அம்மையார் விசிப்பலகையைத் துடைத்து, ஒரு தட்டில் பொரியும் பச்சை மிளகாயும் வைத்து, “காசு வேண்டாம், குழந்தைகள் தின்னட்டும்” என்று வங்காளத்தில் சொன்னார். “வேண்டாம் தீதி, எங்களிடம் எல்லாம் இருக்கிறது” என்றோம். பணிவாகத்தான் சொன்னோம். ஆயினும் அவர் முகம் வாடிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர், இல்லத்தார் முகம் மாறினால் விருந்தினர் வாடுவதை அனிச்ச மலரோடு சேர்த்துப் பேசுகிறார். விருந்தினர் முகம் திருப்பினால் இல்லத்தாரும் வாடுவர் என்பதை அன்றுதான் கண்டோம். எல்லாம் இருக்கிறது என்னும் சொல்லுக்கு, உன்னிடம் எமக்கு வேண்டுவது ஒன்றுமில்லை என்ற பொருளும் உண்டல்லவா?

ஏற்பது இழிவென்று இளமையிலேயே கற்றவர்கள் நாம். ஆனால், இரத்தல் வேறு. அன்போடு தருவதை ஏற்றல் வேறு. முன்னதில் கை தாழ்கிறது. பின்னதில் இருவர் கையும் இணைகின்றன. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்பதை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் வரும் பாணரும் பொருநரும் கூத்தரும் யாழையும் பசியையும் சுமந்து சென்றனரேயன்றி மூட்டை முடிச்சோடு சென்றவரல்லர். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளையர், வழிவந்த பாணர்க்குச் சுட்ட மீனும் கள்ளும் அளிக்கின்றனர். வந்தவர் கையில் கட்டுச்சோறு இருந்திருந்தால் அந்நெய்தல் மக்களின் பெருந்தன்மை பாட்டில் ஏறியிருக்குமா?

இதனால் கட்டுச்சோற்றைக் குறைகூறுகிறோம் என்று கொள்ளற்க. மரக்கறி உண்பாரின் நியமம் மதிக்கத்தக்கது. பிறர்க்குச் சுமையாகாமை நற்பண்பே. வங்காளியரும் இதில் நமக்குச் சளைத்தவரல்லர். 1933-இல் தோன்றிய குண்டு ஸ்பெஷல் நிறுவனம், சமையற்காரர்களோடு அவர்களை இராமேசுவரம் வரை அழைத்து வந்து வங்கச் சமையலே பரிமாறிற்று. எனினும், பயணத்துக்குப் பொருந்துவது வாழ்க்கைக்கும் பொருந்துமா?

மறுநாள் காலையும் மழை விடவில்லை. எங்களுள் மூத்த பாட்டியார் ஓர் இலையில் புளியோதரை எடுத்துக்கொண்டு அக்கடைக்கு நடந்தார். பின்னாலேயே நாங்களும் சென்றோம். அம்மையார் அதனை உண்டு, புளிப்பு மிகுதி என்று சிரித்தார். மறுபடியும் பொரித்தட்டு வந்தது. குழந்தைகள் ஒரு நொடியில் காலி செய்தனர். “மாஷிமா, கொல்கத்தாவில் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டார். “நாற்பத்தொன்று” என்றார் பாட்டியார். “அக்கம்பக்கத்தார் வீட்டில் பொரி தின்றதில்லையா?” என்பது அடுத்த கேள்வி. பாட்டியார் விடை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி உடன் வந்தது. ஏரிச் சந்தையில் வாழையிலையும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. சங்கத்தில் தமிழ் கிடைக்கிறது. எல்லாம் நம்மிடம் இருக்கிறது. சக்கரம் மட்டும் இல்லாத வீட்டு வண்டியிலேயே இந்நகரில் நாற்பதாண்டைக் கழித்துவிட்டோமோ? மொழியையும் உணவையும் காப்பது நம் கடமை. அதனை விட்டுவிடச் சொல்லவில்லை. அண்டை வீட்டார் தட்டு நீட்டும்போது வாங்கிக்கொள்ள ஒரு கையை ஒழித்து வைத்திருப்பதும் கடமையே. கட்டுச்சோறு கட்டுவோம், அதில் ஒரு பங்கு அவர்க்கும் இருக்கட்டும்.