ஒரு நட்டு தாங்கும் சுமை

பொறியியல் அறநெறியை முதலாண்டில் தனிப் பாடமாக வைத்தால், அது ஐந்து யூனிட்டாகவும் இரண்டு மார்க் கேள்விகளாகவும் சுருங்கிவிடும். மெக்கானிக்ஸ் வகுப்புக்குள்ளேயே அதை நடத்த வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஹயாட் ரீஜன்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டாம் மாடி நடைபாதையும் நான்காம் மாடி நடைபாதையும் கூரையிலிருந்து இடைவெட்டில்லாமல் இறங்கும் நீளக் கம்பிகளில் தொங்குவதாகத்தான் முதல் வடிவமைப்பு. அத்தனை நீளத்துக்கு மரை வெட்டுவது பெரும்பாடு என்று கம்பியை இரண்டாக்கி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையின் உத்தரத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். அந்த உத்தரத்தின் அடியில் இருக்கும் நட்டு, முன்பு தன் நடைபாதையை மட்டும் தாங்கினால் போதும்; இப்போது இரண்டையும் தாங்க வேண்டும். ஃப்ரீ பாடி டயக்ராம் போடத் தெரிந்த முதலாண்டு மாணவருக்கே சுமை இரட்டிப்பானது புரியும். மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. கணக்குத்தான் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஒழுக்கம் வீட்டிலிருந்து வர வேண்டியது, பதினெட்டு வயதுக்கு மேல் கல்லூரி என்ன புகட்டிவிட முடியும் என்பார்கள். ஆனால் மட்டமான இரும்போ மோசமான வேலையோ அந்த விபத்துக்கு முக்கியக் காரணமல்ல என்றே அரசு ஆய்வு சொன்னது. பாராமல் கையெழுத்திடும் பழக்கம் நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கும் வரும். அது வரும் இடம் முதலாண்டு ஆய்வகம். முறுக்கு ஊசலின் ரீடிங் ஒத்துவரவில்லையா, விடைக்கு ஏற்றபடி நேரத்தைத் திருத்து. இல்லாவிட்டால் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுது. (அறுபது ரெக்கார்டிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடும் ஆசிரியரும் ஒரு பாடம்தான் நடத்துகிறார்.)

மேலதிகாரி கையெழுத்திடச் சொன்னால் கல்விக்கடன் கட்டும் இளைஞன் என்ன செய்வான் என்பது இதைவிடக் கனமான கேள்வி. சாலஞ்சர் விண்கலத்தின் ரப்பர் வளையங்கள் பற்றிப் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்தார். ஏவுதலுக்கு முந்தைய இரவும் எதிர்த்தார். மேலிடம் கேட்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று விண்கலம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். எழுதியதால் விண்கலம் நிற்கவில்லை, உண்மை. ஆனால் விசாரணையில் யாருக்கு எப்போது என்ன தெரிந்திருந்தது என்பதை அந்தக் காகிதத்தை வைத்து நிறுவ முடிந்தது. துணிச்சலைப் பாடமாக வைக்க முடியாது. மறுப்பைக் கணக்கோடு, தேதியோடு எழுதுவதை வைக்கலாம். முதல் பருவ மெக்கானிக்ஸ் வினாத்தாளில் வேண்டுமென்றே பிழையான வரைபடம் ஒன்றைக் கொடுத்து, இதில் ஏன் கையெழுத்திட மாட்டீர்கள் என்று கேட்டு, பதிலுக்குப் பத்து மார்க் ஒதுக்கலாம்.